காலந்தாழ்ந்து வந்த சிலம்பு

மேல்வகுப்பு மாணவர்க்கு வழக்குரை காதையைப் படிப்பிக்கும் ஒவ்வோராண்டும் எவரேனும் ஒருவர் எதிர்பாராத கேள்வியொன்றைக் கேட்பதுண்டு. இவ்வாண்டு ஒரு மாணவி எழுந்து, “ஐயா, கண்ணகி அரசவைக்கு ஒருநாள் முந்தி வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?” என்றாள். வகுப்பிற் சிலர் சிரித்தனர். ஊழ்வினையைக் கூறி இத்தகைய கேள்வியை மடக்கிவிடுதல் எளிது. ஆசிரியர் பலர் அவ்வாறே செய்வர். நானும் முன்னர்ச் செய்ததுண்டு. இம்முறை அவ்வாறு செய்ய மனம் ஒருப்படவில்லை. வீடு திரும்பிய பின்னரும் அக்கேள்வி என்னை விடவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

பாண்டியன் செய்த பிழை யாது? அவன் இயல்பாகவே கொடுங்கோலன் அல்லன். ஊடிச் சென்ற தேவியைத் தணிக்க விரைந்துகொண்டிருந்தவன், வாயிலில் எதிர்ப்பட்ட பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பினான். குற்றஞ் சாட்டப்பட்டவனை அழைத்து வினாவவில்லை. சிலம்பினுள் இருப்பது முத்தோ மாணிக்கமோ என நோக்கவில்லை. குற்றத்தையும் தண்டத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டான். ஆயின் பின்னர் நடைபெற்ற விசாரணையோ குறைவற்றது. வழக்காளி அவைக்கு வந்தாள், அரசன் பொறுமையோடு கேட்டான், சான்றுப் பொருள் கொணரப்பட்டது, சிலம்பு உடைந்தது, உண்மை வெளிப்பட்டது, பிழைத்தவன் அப்பிழையை மறையாது உயிர் நீத்தான். அவ்விசாரணையிற் காணத்தக்க குறை ஒன்றே. அது நடந்தபோது கோவலன் உயிரோடில்லை.

இக்காலத்தும் இதே கேள்வி நாள்தோறும் எழும் இடமொன்று உண்டு. தன்னாட்டிற் சித்திரவதைக்கு அஞ்சி வேற்று நாட்டின் வாயிலில் நின்று புகலிடம் கேட்கின்றான் ஒருவன். ‘உன் சொல் நம்பத்தக்கதன்று, திரும்பிச் செல்’ என ஓர் அதிகாரி முடிவு செய்கின்றார். அம்முடிவைப் பிறிதொருவர் மீளப் பார்த்தல் வேண்டுமா? வேண்டுமெனின் எத்துணை ஆழமாக? எப்பொழுது? நிருவாகத்தின் முடிவை நீதிமன்றம் இவ்வாறு மீளப் பார்த்தலைச் சட்ட நூலார் நீதிமுறை மீளாய்வு என்பர். சட்டம் என் துறையன்று. எனினும், இத்துறையில் உலகம் எடுத்துப் பேசும் தீர்ப்புகள் சிலவற்றில் வழக்காளிகளாய் நின்றோர் நம் நாட்டுத் தமிழர். அவர்தம் வழக்குகளை நாம் அறியாதிருத்தல் முறையன்று.

அச்சம் என்னுஞ் சொல்

முதலில் அடிப்படை நூல்கள் இரண்டை நோக்குவோம். 1951ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான அகதிகள் சமவாயம், அகதி யார் என வரையறுத்தது. இனம், மதம், தேசியம், குறிப்பிட்டதொரு சமூகக் குழுவில் உறுப்பினனாயிருத்தல், அரசியற் கருத்து என்னும் ஐந்தனுள் ஒன்றன் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்று நன்கு நிறுவப்பட்ட அச்சம் உடையவனாய்த் தன்னாட்டுக்கு வெளியே இருப்பவனே அகதி. அத்தகையோனை உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள எல்லைக்குத் திருப்பியனுப்பலாகாது என்று அதன் 33ஆம் உறுப்புரை விதித்தது. ஆயினும், நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் இவ்வுரிமையைக் கோரவியலாது என்றோர் விலக்கையும் அவ்வுறுப்புரையே வைத்தது.

1984ஆம் ஆண்டுச் சித்திரவதைக்கெதிரான சமவாயம் இதனினும் ஒருபடி மேலே சென்றது. ஒருவன் சித்திரவதைக்கு உள்ளாவான் என்று நம்புதற்குத் தக்க காரணம் இருப்பின் அவனை அந்நாட்டுக்கு அனுப்பலாகாது என்பது அதன் 3ஆம் உறுப்புரை. இங்கே விலக்கு எதுவும் இல்லை. அவன் நல்லவனா தீயவனா என்னும் வினாவுக்கே இடமில்லை.

இவ்விரண்டிலும் ‘அச்சம்’, ‘அரசு’ என்பன இணைந்து நிற்றலைக் காண்க. தமிழ் கற்றோர்க்கு இஃது புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சந் தோன்றும் களங்களை நான்காக வகுத்தார். வருத்துந் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர் என்னும் மூன்றனோடு நான்காவதாக அவர் வைத்தது அவரவர்க்குரிய அரசனை. காக்கவேண்டியவனே அஞ்சப்படுபவனும் ஆகின்றான் என்பதை அவர் அறிந்திருந்தார். சித்திரவதைச் சமவாயத்தின் வரையறையும் இந்நான்காம் களத்தையே பற்றி நிற்கின்றது. அரச அலுவலர் தாமே செய்தோ, பிறர் செய்வதற்கு இசைந்தோ, அதனைக் கண்டும் வாளாவிருந்தோ விளையும் கடுந்துன்பமே அங்குச் சித்திரவதை எனப்படும். கள்வர் அடித்தால் அது குற்றம். அரசு இசைந்திருக்கக் கள்வர் அடித்தால் அது சித்திரவதையும் ஆகலாம்.

இனி, அச்சத்தை அளப்பது எவ்வாறு? இவ்வினா 1987ஆம் ஆண்டில் இங்கிலாந்து நீதிமன்றங்களின் முன் எழுந்தது. அவ்வாண்டு அங்குச் சென்றடைந்த இலங்கைத் தமிழ் இளைஞர் சிலரின் புகலிடக் கோரிக்கைகளை உள்நாட்டு அமைச்சர் நிராகரித்தார். அவர்கள் நீதிமுறை மீளாய்வை நாடினர். மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அவரவர் நிலையில் நின்று நோக்குமிடத்து அச்சம் மெய்யானதாயும் காரணமுடையதாயும் இருப்பின் அதுவே போதும் என்றது. அதே ஆண்டு டிசெம்பரிற் பிரபுக்கள் சபை இதனை மாற்றிற்று. அஞ்சுபவனின் உள்ளம் மட்டும் போதாது. புறத்தேயுள்ள நிலைமையை நோக்க, அவன் துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான அளவு சாத்தியம் இருத்தல் வேண்டும் எனக் கீத் பிரபு கூறினார். அதே 1987இல் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றமும் இவ்வினாவை ஆராய்ந்தது. தீங்கு நேர்வதற்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பிருந்தாலும் அச்சம் நன்கு நிறுவப்பட்டதாகலாம் என்பது அதன் கருத்து.

அளவுகோல் எதுவாயினும் ஆகுக. அக்கோலைப் பிடித்திருப்பவர் பிழையாக அளந்தால் யார் திருத்துவது? இதுவே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

மீளக் கூட்டலும் மீள வாசித்தலும்

ஆசிரியர்களுக்கு விளங்கத்தக்க உவமை ஒன்று கூறுவேன். மாணவன் ஒருவன் தன் பரீட்சைப் பெறுபேறு பிழையென எண்ணி மீளாய்வு கோருகின்றான் என வைத்துக்கொள்வோம். ஒருவகை மீளாய்வில் விடைத்தாளின் புள்ளிகளை மீளக் கூட்டிப் பார்ப்பர். விடுபட்ட வினா உண்டா, கூட்டலிற் பிழை உண்டா என்பதே அங்கு ஆராயப்படும். மற்றொரு வகையில் வேறொரு பரீட்சகர் விடையை முழுதும் மீள வாசித்துப் புதிதாகப் புள்ளியிடுவார். மாணவன் வேண்டுவது இரண்டாவதை. அவனுக்குப் பெரும்பாலும் கிடைப்பது முதலாவது.

நீதிமுறை மீளாய்வு இயல்பால் முதலாம் வகையைச் சார்ந்தது. நீதிமன்றம் அமைச்சரின் ஆசனத்தில் ஏறி அமர்வதில்லை. ‘இவன் உண்மையில் அகதியா?’ என்று அது கேட்பதில்லை. ‘சட்டத்தைச் சரியாக விளங்கி, நோக்கவேண்டியவற்றை நோக்கி, நியாயமான முறையில் இம்முடிவு எடுக்கப்பட்டதா?’ என்றே கேட்கும். நிருவாகம் செய்யவேண்டியதை நீதிமன்றம் செய்தலாகாது என்னும் கோட்பாட்டிலிருந்து பிறந்தது இவ்வடக்கம். மதுக்கடை அனுமதி, காணி அளிப்பு முதலிய விடயங்களில் இவ்வடக்கம் தக்கதே. உயிர் பற்றிய விடயத்திலும் தக்கதா?

1987 பெப்ரவரியிற் பிரபுக்கள் சபையின் முன் வந்த உகண்டா நாட்டவர் ஒருவரின் வழக்கு இதற்கு விடை தந்தது. அவரைக் கென்யாவுக்கு அனுப்ப உள்நாட்டு அமைச்சர் முடிவு செய்திருந்தார். கென்யா அவரை உகண்டாவுக்கே திருப்பிவிடக்கூடும் என்பதற்கான சான்றுகள் உரியவாறு கருதப்படவில்லை. முடிவு தள்ளுபடி செய்யப்பட்டது. மனித உரிமைகளுள் தலையாயது உயிர் வாழும் உரிமை. ஒருவன் உயிருக்கு ஆபத்து விளைக்கக்கூடிய முடிவின் அடிப்படையை மிகுந்த கவலையோடு துருவி ஆராய்தல் நீதிமன்றத்தின் கடன் என்னுங் கருத்தைப் பிரிட்ஜ் பிரபு அவ்வழக்கில் நிலைநாட்டினார். புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பவரே ஆயினும், மாணவனின் வாழ்வு இத்தாளில் தங்கியுள்ளது என்ற உணர்வோடு கூட்டுக என்பது இதன் பொருள்.

சென்றபின் கிடைத்த வெற்றி

முற்கூறிய இலங்கைத் தமிழரின் வழக்குக்கு மீளுவோம். பிரபுக்கள் சபையில் அவர்கள் தோற்றனர். அக்காலத்துச் சட்டப்படி, நாட்டு வாயிலில் அனுமதி மறுக்கப்பட்டவர்க்கு மேன்முறையீட்டு உரிமை இருந்தது. ஆயின் அவ்வுரிமையை அவர் நாட்டை விட்டுச் சென்ற பின்னரே பயன்படுத்தவியலும். எங்கே செல்ல அஞ்சுகின்றானோ அங்கே சென்று, ‘இங்கே வர நான் அஞ்சினேன்’ என்று விண்ணப்பிக்க வேண்டும். இத்தகைய விதியை வகுத்தவர் தீயவர் என நான் கூறேன். ஆனால் அதனை வகுத்தபோது அவர் அகதியை நினைத்திருப்பார் எனவும் கூறேன்.

1988 பெப்ரவரியில் அவர்களுள் ஐவர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களின் மேன்முறையீட்டை அவர்கள் இல்லாத அவையில் இங்கிலாந்து நடுத்தீர்ப்பாளர் ஒருவர் விசாரித்தார். 1989 மார்ச்சில் அவர் தீர்ப்பளித்தார். ஐவருடைய அச்சமும் நன்கு நிறுவப்பட்டதே; அவர்களைத் திருப்பி அழைத்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பு. அவ்வாண்டு ஒக்டோபரில் அவர்கள் இங்கிலாந்துக்கு மீண்டனர். இடைப்பட்ட காலத்தில் அவர்களுள் மூவர் இலங்கையில் துன்புறுத்தலுக்கு உள்ளாயினர்.

ஐவரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை அடைந்தனர். 1991 ஒக்டோபர் 30ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. சித்திரவதையையும் இழிவுபடுத்தலையும் தடுக்கும் 3ஆம் உறுப்புரை மீறப்படவில்லை என எண்மர் கூற ஒருவர் மறுத்தார். அனுப்பிய காலத்து நிலைமையில் துன்பம் நேரலாம் என்ற வெறுஞ் சாத்தியம் இருந்தது. ஆனால் இம்மூவருக்கே அது நேரும் என அமைச்சர் முன்னறியத்தக்க தனிக்குறி எதுவும் அவர்கள் விடயத்தில் இருக்கவில்லை என்பது பெரும்பான்மையோர் காட்டிய காரணம். பயனுள்ள பரிகாரம் வேண்டும் என்னும் 13ஆம் உறுப்புரையும் மீறப்படவில்லை என்றனர் எழுவர். நீதிமுறை மீளாய்வே போதிய பரிகாரம் என்பது அவர் கொள்கை. இருவர் உடன்படவில்லை. வழக்கின் உண்மையை ஆராய்ந்து தீர்க்கும் அதிகாரம் இல்லாத பரிகாரம் பரிகாரம் ஆகாது என அவர்கள் எழுதினர்.

ஈண்டு நாம் நின்று சிந்தித்தல் வேண்டும். ஒரே நிகழ்ச்சியை இரு அவைகள் பார்த்தன. நடுத்தீர்ப்பாளர் விடைத்தாளை முழுதும் வாசித்தார், இளைஞர் வென்றனர். பிரபுக்கள் சபை முடிவு எடுக்கப்பட்ட முறையை மட்டும் பார்த்தது, இளைஞர் தோற்றனர். எது முன்னர் நடந்தது, எது பின்னர் நடந்தது என்பதே இங்கு முக்கியம். ஆழமான விசாரணை பின்னுக்கும், மேலோட்டமான விசாரணை முன்னுக்கும் நின்றன. மதுரையில் நடந்ததும் இதுவே. சிலம்பு உடைக்கப்பட்டது, ஆனால் காலந்தாழ்ந்து உடைக்கப்பட்டது. இவ்விளைஞர் உயிரோடு மீண்டமை நற்பேறு, சட்டத்தின் திறமையன்று.

இத்தகைய வழக்குகளின் பாடத்தை இங்கிலாந்து முற்றும் மறந்துவிடவில்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம், புகலிடம் மறுக்கப்பட்டவர் நாட்டில் இருந்துகொண்டே மேன்முறையீடு செய்யும் உரிமையைத் தந்தது. 1996 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், இந்தியாவுக்கு அனுப்பப்படவிருந்த சீக்கியர் ஒருவரின் வழக்கில் மேலும் ஒருபடி சென்றது. அவர் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என அரசு வாதிட்டது. சித்திரவதை ஆபத்தை எதனோடும் வைத்து நிறுத்தலாகாது என்றது நீதிமன்றம். அவ்வழக்கில் நீதிமுறை மீளாய்வு பயனுள்ள பரிகாரமாக அமையவில்லை எனவும் அது கண்டது. பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் உள்நாட்டு நீதிமன்றம் ஆபத்தின் உண்மையைத் தானே ஆராயாது விட்டமையே காரணம்.

உடலே சான்றாக

காலத்துக்கு அடுத்தது சான்று. அகதி தன்னோடு பத்திரம் எடுத்து வருவது அரிது. சித்திரவதை செய்தவர் பற்றுச்சீட்டுக் கொடுப்பதில்லை. பலர்க்கு எஞ்சியிருப்பது உடம்பில் உள்ள தழும்பு ஒன்றே. கண்ணகி கையில் இருந்த ஒற்றைச் சிலம்பு போல அதுவே அவர்க்குச் சான்று.

2011ஆம் ஆண்டு இங்கிலாந்தை அடைந்த இலங்கைத் தமிழர் ஒருவர், தடுப்புக் காவலிற் பழுக்கக் காய்ச்சிய உலோகக் கோலாற் சுடப்பட்டதாகக் கூறினார். முதுகிலும் கையிலும் தழும்புகள் இருந்தன. அவை அவர் கூறும் வரலாற்றோடு பொருந்துவனவே என மருத்துவர் அறிக்கை அளித்தார். 2014இல் மேல் நியாய சபை அதனை ஏற்கவில்லை. முதுகுத் தழும்புகளின் ஓரங்கள் தெளிவாக இருத்தலால், சுடப்பட்டபோது அவர் உணர்வற்றிருந்தார் எனத் தோன்றுகின்றது. ஆகவே புகலிடம் பெறும் நோக்கோடு தம் உடன்பாட்டுடன் பிறரைக் கொண்டு சுடுவித்திருக்கக்கூடும் என்ற ஐயத்தை அச்சபை கொண்டது. வலி தாங்காது தாம் மயங்கிவிட்டதாக அவர் கூறியது எடுபடவில்லை. 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மையும் அம்முடிவையே உறுதி செய்தது.

2019 மார்ச் 6ஆம் நாள் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் ஒருமுகமாக அதனை நீக்கியது. தீர்ப்பை எழுதியவர் வில்சன் பிரபு. தன் உடம்பைப் பிறரைக் கொண்டு சுடுவித்துக்கொள்வோர் மிக மிக அரியர். அவ்வருமையை நியாய சபை போதிய அளவு நிறுத்துப் பார்க்கவில்லை என்பது அவர் கண்ட பிழை. தழும்பு பொருந்துகின்றதா என்பதோடு நில்லாது, அது எவ்வாறு உண்டாயிற்று என்பது பற்றியும் மருத்துவர் கருத்துரைக்கலாம் எனவும் நீதிமன்றம் கூறிற்று. அதற்கு அது துணைக்கொண்ட நூல் இஸ்தான்புல் நெறிமுறை எனப்படும் கைந்நூல். சித்திரவதையை விசாரித்துப் பதிவு செய்தற்கு 1999இல் ஐக்கிய நாடுகளிடம் அளிக்கப்பட்ட அந்நூல், தழும்புக்கும் கூறப்பட்ட வரலாற்றுக்கும் உள்ள தொடர்பை ஐந்து படிகளாக வகுக்கின்றது. பொருந்தாதது, பொருந்துவது, பெரிதும் பொருந்துவது, அவ்வகைத் துன்பத்துக்கே இயல்பானது, அதனாலன்றிப் பிறிதொன்றால் நேராதது என்பன அவை. முத்தையும் மாணிக்கத்தையும் பிரித்தறியும் பொன்வினைஞனின் நுட்பம் போன்றது இது.

அவ்வழக்குச் சட்டப்பிழை பற்றிய மேன்முறையீடேயன்றி முற்கூறிய மீளாய்வு அன்று. எனினும் எல்லை ஒன்றே. உயர் நீதிமன்றம் அவர் கூறியது மெய் என்று தீர்க்கவில்லை. மீள விசாரிக்க என்று திருப்பியது. எட்டாண்டுகளின் பின் அவர் பெற்றது மீண்டும் ஒருமுறை செவிமடுக்கப்படும் உரிமை மட்டுமே. சிறிதெனத் தோன்றலாம். கோவலனுக்கு அதுவும் கிட்டவில்லை.

கடல் கடந்த இன்னொரு வாயில்

அமெரிக்காவில் நடைமுறை வேறு. குடிவரவு நீதிபதியும் அவர்க்கு மேலுள்ள குடிவரவு மேன்முறையீட்டுச் சபையும் நீதித் திணைக்களத்தின் கீழ் இயங்குவன. அங்கும் தோற்றவர் முப்பது நாளுக்குள் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடலாம். ஆயின் உண்மை பற்றிய கீழ்ச்சபையின் முடிவுகள், நியாயமான எந்தத் தீர்ப்பாளரும் மாறாக முடிவு செய்யும்படி கட்டாயப்படுத்தப்படுவார் என்றாலன்றி, இறுதியானவை என 1996ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. ‘நான் வேறுவிதமாக முடிவு செய்திருப்பேன்’ என்று நீதிபதி எண்ணினாலும் அது போதாது. சித்திரவதைப் பாதுகாப்புக் கோருபவர், அது நேராதிருப்பதினும் நேர்வதற்கே வாய்ப்பு மிகுதி எனக் காட்டவும் வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டம், கூற்றிலுள்ள முரண்பாடு கோரிக்கையின் உயிர்நிலையைத் தொடாததாயினும் அதனைக் கொண்டு ஒருவரை நம்பாதுவிடலாம் என இடமளித்தது. துன்புற்றவர் நினைவு முரண்படுதல் இயல்பு என இஸ்தான்புல் நெறிமுறை எச்சரிப்பதை இதனோடு வைத்து நோக்குக.

2020 யூன் மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம் இத்துறையில் இரு தீர்ப்புகள் வழங்கிற்று. இரண்டிலும் எழுவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். முதலாம் நாள் வந்த தீர்ப்பில், குற்றச்செயல் காரணமாக நாடுகடத்தப்படவிருக்கும் ஒருவரும், சித்திரவதை ஆபத்துப் பற்றிய உண்மை முடிவுகளை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்றது. ஒரு கதவு சிறிது திறந்தது. 25ஆம் நாள் மற்றொன்று மூடிற்று. அவ்வழக்காளி இலங்கைத் தமிழர். 2017இற் கலிபோர்னியா எல்லையைக் கடந்து இருபத்தைந்து யார் தூரத்தில் அவர் பிடிபட்டார். தம்மைச் சிலர் கடத்திச் சென்று அடித்தனர் என்றார். அவர்கள் யார், ஏன் அடித்தனர் என்பது தமக்குத் தெரியாது என்றார். புகலிட அதிகாரி அவர் சொன்ன நிகழ்ச்சியை நம்பினார். ஆனால் சட்டம் வேண்டும் அச்சம் அதில் இல்லை என முடிவு செய்தார். குடிவரவு நீதிபதியும் அதனை உறுதி செய்தார். ஆட்கொணர்வு எழுத்தாணை கோரி அவர் நீதிமன்றம் சென்றார். எல்லையிற் பிடிபட்டவர்க்குப் பாராளுமன்றச் சட்டம் தந்த நடைமுறைக்கு மேல் அரசியலமைப்பு எதனையும் தரவில்லை என அலிற்றோ நீதிபதி தீர்ப்பெழுதினார். சோற்றோமேயர் நீதிபதியும் கேகன் நீதிபதியும் மாறுபட்டனர்.

தொல்காப்பியர் வகுத்த களங்களை இங்கு மீள நினைக்க. அடித்தவர் கள்வரா, அரசின் ஆட்களா? சட்டத்தின் முழுப்பாரமும் அவ்வினாவில் தங்கியுள்ளது. கண்ணைக் கட்டி அடிபட்டவன் அதற்கு விடை கூறுவது எங்ஙனம்? விடை கூறவியலாமையே சிலவேளை துன்பத்தின் அடையாளம் அன்றோ?

காலம் பற்றிய இடர்ப்பாடு அமெரிக்காவிலும் உண்டு. மீளாய்வு நடந்துகொண்டிருக்கையிலேயே ஒருவரை அனுப்பிவிட முடியும். இடைநிறுத்த ஆணையைத் தனியே கேட்டுப் பெறவேண்டும். 2009இல் உயர் நீதிமன்றம், அனுப்பப்படுதல் தன்னளவில் எப்போதும் ஈடுசெய்யவொண்ணாத தீங்கு எனக் கொள்ளவியலாது எனக் கூறிற்று. வழக்கில் வென்றவரை அரசு மீள அழைத்துக்கொள்ளும் என்ற கூற்றும் அதற்கு ஒரு துணையாயிற்று. மூன்றாண்டுகளின் பின், 2012இல், அக்கூற்று நடைமுறையை உள்ளவாறு காட்டவில்லை என அரசின் வழக்குரைஞரே நீதிமன்றத்துக்கு எழுதித் திருத்தினர். பிழையை ஒப்புக்கொண்டமை பாராட்டத்தக்கது. ஆயின் அம்மூன்றாண்டில் அனுப்பப்பட்டோர்?

ஐயமும் அறமும்

மறுபக்க வாதத்தையும் மறைத்தலாகாது. பொய் கூறிப் புகலிடம் தேடுவோர் இல்லையென எவரும் கூறார். வழக்குகள் குவிகின்றன, ஒவ்வொன்றையும் பன்முறை விசாரித்தால் முடிவே இராது, முடிவில்லாத விசாரணையும் அநீதியே. உண்மையைக் கண்ணெதிரே கேட்டறிந்த கீழ்ச்சபையின் முடிவை, கடதாசியை மட்டும் பார்க்கும் மேல் நீதிமன்றம் எளிதில் மாற்றலாகாது என்பதிலும் நியாயம் உண்டு. பரீட்சையிற் பார்த்தெழுதுவோரைப் பல்லாண்டு கண்டவன் நான். ஏமாற்றுவோர் உண்டென்பதை எனக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆயின் இருவகைப் பிழைகளும் ஒரே நிறையுடையன அல்ல. பொய்யனை நம்பிவிட்டால் ஒரு நாட்டில் தங்கத் தகாத ஒருவன் தங்குவான். அப்பிழையைப் பின்னரும் திருத்தலாம். மெய்யனை நம்பாதுவிட்டால் அவன் சித்திரவதைக் கூடத்துக்குச் செல்வான். அப்பிழையைத் திருத்த எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது. இந்நிறை வேற்றுமையை ஏற்பவர், மீளாய்வு பற்றி இரண்டை வேண்டியே தீர்வர். ஒன்று, அது அனுப்புதற்கு முன்னர் நடைபெறுதல். மற்றது, உயிர் தங்கியுள்ள இடத்தில் கூட்டலைச் சரிபார்ப்பதோடு நில்லாது விடையையும் வாசித்தல். சட்டம் மீளாய்வு என்ற பெயரைத் தந்து இவ்விரண்டையும் தராதுவிடின், அது பெயரளவில் நின்றுவிடும்.

அடுத்த வாரம் அம்மாணவியிடம் என் விடையைக் கூறினேன். “கண்ணகி ஒருநாள் முந்தி வந்திருந்தால் சிலப்பதிகாரம் நமக்குக் கிடைத்திராது, பிள்ளாய். கோவலன் தன் சிலம்பை எடுத்துக்கொண்டு மாதரி வீட்டுக்குத் திரும்பியிருப்பான். அவ்வளவே” என்றேன். அவள் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “அதுவே நல்லது ஐயா” என்றாள்.

காப்பியத்தைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். எனினும் அவள் சொன்னதை மறுக்க என்னால் இயலவில்லை.